பிராசஸர் மாற்றப் போகிறீர்களா? ஒரு நிமிடம்!

மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று பேரவைச் செயலாளர் வந்து நின்றபோது, எனக்குக் கவிதை வராது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "அப்ப அந்த பிராசஸர் கதையை எழுதுல" என்றான். என் பிராசஸர் கதை எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். சொல்லிச் சொல்லிச் சிரித்தும் ஆயிற்று. ஆனால் அதற்குள் இருக்கும் பாடம் யாருக்கும் போய்ச் சேரவில்லை என்பது, இந்த ஆடி மாதம் இன்னொரு நண்பனின் போர்டு செத்தபோதுதான் தெரிந்தது. ஆகவே கதையையும் பாடத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். பிழை இருந்தால் லேபுக்கு வந்து திட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா கொத்தனார். அம்மா பீடி சுற்றுகிறார். முதலாண்டு முடிந்த விடுமுறையில், மூடப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து 3,000 ரூபாய்க்கு ஒரு பழைய கம்ப்யூட்டரை அப்பா வாங்கித் தந்தார். உள்ளே ஹெச்61 சிப்செட் போட்ட போர்டு, இன்டெல் பென்டியம் ஜி620 பிராசஸர், 4 ஜி.பி. ரேம். லினக்ஸ் ஏற்றினேன். அதில் நான் படித்தேன் என்பதோடு, வகுப்பு நண்பர்கள் ஐந்து பேருக்குப் புராஜெக்ட் ரிப்போர்ட் டைப் அடித்தும் கொடுத்தேன். பக்கத்துக்கு 5 ரூபாய். பஸ் செலவுக்கு அது போதும்.

ஜி620 நல்ல பிராசஸர்தான். ஆனால் இரண்டே கோர், 2.6 கிகாஹெர்ட்ஸ். சர்க்யூட் சிமுலேஷன் ஒன்றை ஓடவிட்டால் வெளியே போய் டீ குடித்துவிட்டு வரலாம். அப்படி ஒரு நாள் டீ குடிக்கப் போன இடத்தில்தான் ஒருவன் சொன்னான், இதே சாக்கெட்டில் ஐ5-3470 உட்காரும், செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது என்று. நான்கு கோர், 3.2 கிகாஹெர்ட்ஸ், தேவைப்பட்டால் 3.6 வரை போகும். கேச் மெமரி 3 மெகாபைட்டிலிருந்து 6 மெகாபைட்டாகும். ஒரு வாரம் தூக்கமில்லை.

டவுனில் பழைய பாகங்கள் விற்கும் ஒரு கடையில் 1,800 ரூபாய் சொன்னார்கள். பழைய பிராசஸரைக் கொடுத்தால் 200 குறைப்பார்களாம். அம்மா மகளிர் குழுவில் எடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து 1,600 எண்ணித் தந்தார். நான் ஜி620ஐக் கழற்றிப் பேப்பரில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஐ5ஐ வாங்கி வந்தேன். "அதே 1155 சாக்கெட்தான் தம்பி, அப்படியே உக்காரும்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னது பொய்யில்லை. அப்படியே உட்காரத்தான் செய்தது.

ஃபேன் சுற்றியது. விளக்கு எரிந்தது. ஸ்கிரீனில் ஒன்றும் வரவில்லை.

ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்தேன். பட்டன் செல்லை எடுத்துப் பத்து நிமிடம் கழித்துப் போட்டேன். மானிட்டர் கேபிளை மாற்றினேன். பீப் சத்தம்கூட இல்லை. இரவு பதினொரு மணிக்கு அம்மா மடியிலிருந்த பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தார்.

"என்னய்யா, வெளக்கு எரியுது, படம் வரலையே?"

"வரும்மா."

"ரூவா போச்சாக்கும்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் போய் மறுபடியும் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

மறுநாள் கடையில், செகண்ட் ஹேண்டுக்குக் கியாரண்டி கிடையாது, எங்கள் போர்டில் போட்டால் ஓடுகிறது என்று ஓட்டியே காட்டினார்கள். என் ஜி620 அதற்குள் விற்றுப் போயிருந்தது. காலேஜுக்கு வந்தால் ஐந்து பேரும் சுற்றி நின்றுகொண்டு, "எங்க ரிப்போர்ட் எல்லாம் அழிஞ்சு போச்சாடா?" என்று கேட்கிறார்கள். ரிப்போர்ட் இருப்பது ஹார்ட் டிஸ்க்கில். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் சொன்னதை ஒருவனும் நம்பவில்லை.

லேப் இன்ஸ்ட்ரக்டர் சார் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "போர்டுல பயாஸ் என்ன வெர்ஷன்?"

"அதைப் பாக்கணும்னா ஸ்கிரீன் வரணுமே சார்."

"அதாம்ல விஷயமே" என்றார்.

பயாஸ் என்பது யாது?

இது நமக்கு இரண்டு மதிப்பெண் கேள்வி. அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு முறை என்று விரித்து எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். அந்தப் பெயரை வைத்தவர் கேரி கில்டால். 1970களில் தாம் எழுதிய சி.பி/எம் என்னும் இயக்க முறைமைக்காக வைத்தார். 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் பி.சி.யை வெளியிட்டபோது அதற்குள் இருந்த பயாஸ் 8 கிலோபைட்தான். அதை ரோம் சிப்பில் ஒரேயடியாகப் பதித்து வைத்திருந்தார்கள். மாற்ற வேண்டுமானால் சிப்பையே மாற்ற வேண்டும். பின்னால், தோஷிபாவில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1980களில் கண்டுபிடித்த ஃப்ளாஷ் மெமரி 1990களில் மதர்போர்டுகளுக்கு வந்து சேர்ந்தது. மின்சாரத்தாலேயே அழித்து மின்சாரத்தாலேயே எழுதலாம். வீட்டிலிருந்தபடியே பயாஸைப் புதுப்பிப்பது அதன் பிறகுதான் சாத்தியமாயிற்று. எழுத முடியும் என்றால் கெடுக்கவும் முடியுமல்லவா? தைவானில் சென் இங்-ஹாவ் என்ற மாணவர் 1998ல் எழுதிய சி.ஐ.ஹெச். வைரஸ், 26.4.1999 அன்று பல நாடுகளில் கம்ப்யூட்டர்களின் பயாஸ் மேலேயே குப்பையை எழுதிவிட்டுப் போனது. அவரும் நம்மைப் போல் ஒரு மாணவர்தான் என்பதை நினைத்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

என் போர்டில் இருப்பது எட்டுக் கால் சிப். 32 மெகாபிட், அதாவது 4 மெகாபைட். ஐ.பி.எம்.மின் 8 கிலோபைட்டைப்போல 512 மடங்கு. 2011க்குப் பிறகு வந்த போர்டுகளில் பெரும்பாலும் இதன் சரியான பெயர் யு.இ.எஃப்.ஐ.; ஆனாலும் கடைத்தெருவிலிருந்து கம்பெனி வெப்சைட் வரை இன்னும் பயாஸ் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பவர் பட்டனை அழுத்தியதும் பிராசஸர் முதலில் என்ன செய்யும்? ஹார்ட் டிஸ்க் இருப்பதே அதற்குத் தெரியாது. ரேம் இருப்பதும் தெரியாது. தெரிந்தது ஒரே ஒரு முகவரி: 4 ஜி.பி. எல்லையின் உச்சியிலிருந்து 16 பைட் கீழே. முதல் கட்டளையை அங்கே போய்த்தான் எடுக்கும். அந்த இடத்தில் பயாஸ் சிப்பின் கடைசி 16 பைட் வந்து நிற்கும்படி போர்டை அமைத்திருக்கிறார்கள். ஆக, தொடக்கம் என்பது சிப்பின் கடைசியில் இருக்கிறது. இந்த வேடிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அடுத்தது ரேமை எழுப்புவது. ரேம் போட்டவுடன் வேலை செய்துவிடாது. எந்த வேகம், எத்தனை கிளாக் காத்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் மெமரி கன்ட்ரோலரில் அமைத்த பிறகுதான் ஒரு பைட்டாவது அதில் நிற்கும். அதுவரை பயாஸ், பிராசஸருக்குள் இருக்கும் கேச் மெமரியையே தற்காலிக ரேமாக வைத்துக்கொண்டு ஓடுகிறது. வீடு எழும்பும்வரை சிமென்ட் மூட்டை வைக்க அப்பா ஓலைக்கொட்டகை போடுவார். அது மாதிரிதான் இதுவும்.

முந்தைய கோர் 2 டியோ காலத்தில் மெமரி கன்ட்ரோலர் போர்டில் தனிச் சிப்பில் இருந்தது. நம் ஹெச்61 போர்டுகளில் அது பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே பிராசஸர் மாறினால் மெமரி கன்ட்ரோலரும் மாறுகிறது. அதை எழுப்பும் பயாஸ் பகுதியும் மாறியாக வேண்டும். 2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜ் வகையைச் சேர்ந்தது ஜி620. 2012ல் வந்த ஐவி பிரிட்ஜ் வகையைச் சேர்ந்தது ஐ5-3470. இரண்டுக்கும் 1155 கால் சாக்கெட்தான். ஆனால் நீ யார் என்று பயாஸ் கேட்கும்போது முன்னது 206ஏ7 என்று சொல்லும், பின்னது 306ஏ9 என்று சொல்லும். இந்த எண்ணுக்கு ஏற்ற மைக்ரோகோடை, அதாவது பிராசஸருக்குள் இருக்கும் பிழைகளைத் திருத்தும் சிறு கோப்பை, பயாஸ் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பிராசஸருக்குள் ஏற்றுகிறது. கரண்ட் போனால் அது மறைந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் ஏற்றியாக வேண்டும். போதாக்குறைக்கு, சிப்செட்டுக்குள் ஓடும் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற தனி மென்பொருளும் அதே ஃப்ளாஷ் சிப்பில்தான் இருக்கிறது. சாண்டி பிரிட்ஜ் காலப் போர்டுகளில் அதன் 7ஆம் பதிப்பு. ஐவி பிரிட்ஜுக்கு 8ஆம் பதிப்பு வேண்டும்.

என் போர்டின் பயாஸ் 2011 தேதியிட்டது என்று பிறகு பார்த்தோம். ஐ5-3470 வெளிவந்ததே 2012ல். பிறக்காத பிள்ளையை அதற்கு எப்படி அடையாளம் தெரியும்?

சாக்கெட் ஒன்றாக இருப்பதை மட்டும் நம்பி ஏமாந்தவன் நான் ஒருவன் அல்ல. க்யூ65, க்யூ67, பி65 சிப்செட் போட்ட போர்டுகளிலும் இதே 1155 சாக்கெட் உண்டு. ஆனால் அவற்றுக்கு ஐவி பிரிட்ஜ் ஆதரவை இன்டெல் தரவே இல்லை. 2017ல் வந்த எட்டாம் தலைமுறை காஃபி லேக், பழைய 1151 சாக்கெட்டில் உட்காரும். முறைப்படி பழைய 100, 200 வரிசைப் போர்டுகளில் ஓடாது. ஏ.எம்.டி.யில் இன்னும் சுவாரசியம். 2018ல் கிராஃபிக்ஸோடு வந்த ரைசன் 2000 வரிசையைப் பலர் வாங்கி முந்தைய ஏ.எம்.4 போர்டில் போட்டார்கள். ஸ்கிரீன் வரவில்லை. பயாஸைப் புதுப்பித்தால் வரும். புதுப்பிக்க ஸ்கிரீன் வர வேண்டும். கடைசியில் ஏ.எம்.டி. கம்பெனியே, புதுப்பித்துவிட்டுத் திருப்பித் தாருங்கள் என்று ஒரு பழைய பிராசஸரை இரவல் கொடுத்தது! இதைச் சார் சொல்லிக் கேட்டபோது, 1,600 ரூபாய் போன கவலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இரவல் பிராசஸர்

சார் செய்ததும் அதைத்தான். எங்கள் லேபில் கண்டம் செய்து ஓரமாக அடுக்கி வைத்த மெஷின்களில் ஒன்றில் ஐ3-2100 இருந்தது. அது சாண்டி பிரிட்ஜ், 1155. கண்டம் செய்த பொருளானாலும் ஸ்டாக் ரிஜிஸ்டரில் இருக்கிறது, கணக்கு வேண்டும். சார் தம் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்தார். "தொலைச்சுப் போட்டேன்னா என் சம்பளத்துல பிடிப்பாங்க, தெரியும்லா?" என்றார். மறுநாள் கேபினெட்டைச் சாக்குப் பையில் போட்டு டவுன் பஸ்ஸில் தூக்கி வந்தேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார், அது வேறு.

வீட்டிலேயே செய்யாமல் காலேஜுக்குத் தூக்கி வந்ததற்குக் காரணம், லேபில் யு.பி.எஸ். உண்டு.

ஐ3ஐப் போட்டதும் ஸ்கிரீன் வந்தது. அந்த நிமிடம் நான் கத்திய கத்தில் பக்கத்து லேபிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். போர்டு சாகவில்லை, பிராசஸரும் சாகவில்லை, இரண்டுக்கும் அறிமுகம் இல்லை, அவ்வளவுதான்.

பிறகு செய்தவற்றை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் அவசரப்படுவோம். முதலில் போர்டின் மாடல் பெயரை போர்டின் மேலேயே படித்து எழுதிக்கொண்டோம். மாடலோடு ஓரத்தில் ரிவிஷன் எண் ஒன்று அச்சிட்டிருக்கும், 1.0, 2.0 என்று. ஒரே மாடலில் ரிவிஷன் மாறினால் பயாஸ் ஃபைலும் மாறலாம். கேபினெட் மேல் ஒட்டிய ஸ்டிக்கரையோ பில்லையோ நம்பக் கூடாது. அடுத்து, போர்டு தயாரித்த கம்பெனியின் பக்கத்தில் பிராசஸர் பட்டியல் இருக்கும். அதில் உங்கள் பிராசஸர் பெயர் இருக்கிறதா என்பதோடு, எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து என்பதையும் பார்க்க வேண்டும். நான் வாங்குவதற்கு முன் இந்த ஒரு பக்கத்தைப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. வாட்ஸும் அங்கே தெரியும். ஜி620 65 வாட்ஸ், ஐ5-3470 77 வாட்ஸ். போர்டில் பிராசஸருக்குச் சோறு போடும் ரெகுலேட்டர் பகுதி அதைத் தாங்குமா என்பதற்கும் அந்தப் பட்டியல்தான் சாட்சி.

சில போர்டுகளில் பழைய பதிப்பிலிருந்து கடைசிப் பதிப்புக்கு நேரே தாவ முடியாது. இடையில் ஒரு பதிப்பை ஏற்றிவிட்டுத்தான் போக வேண்டும். மேனேஜ்மென்ட் எஞ்சின் 7லிருந்து 8க்கு மாறுகிற சமயம் என்பதால் என் போர்டிலும் அப்படித்தான். பக்கத்தில் சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள். சார்தான் விரலை வைத்துக் காட்டினார். திரும்பிப் போக வழியில்லை என்றும் அதிலேயே இருந்தது.

ஃபைலை ஃபேட்32 பென் டிரைவில் போட்டு, பயாஸ் மெனுவுக்குள்ளேயே இருக்கும் புதுப்பிக்கும் பகுதியிலிருந்து ஏற்றினோம். விண்டோஸுக்குள்ளிருந்தும் ஏற்றலாம் என்று கம்பெனியே மென்பொருள் தருகிறது. எனக்கு அதில் விருப்பமில்லை. நடுவில் விண்டோஸ் தொங்கினால் யார் பொறுப்பு? ஏற்றுவதற்கு முன் பயாஸ் செட்டிங் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். புதுப்பித்த பின் எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும். முக்கியமாக ஹார்ட் டிஸ்க் இணைப்பு ஏ.ஹெச்.சி.ஐ.யா ஐ.டி.இ.யா என்பது. அது மாறியிருந்தால் விண்டோஸ் நீலத் திரை போட்டு நின்றுவிடும். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று நாம் அலறுவோம்.

அழிக்கிறேன், எழுதுகிறேன், சரிபார்க்கிறேன் என்று மூன்று கோடுகள் நகர்ந்தன. ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு நிமிடம். யாரும் மேஜையைத் தொடவில்லை. மின்விசிறியைக்கூடச் சார் போடவிடவில்லை. அது எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை, ஆனால் கேட்கவும் தைரியமில்லை.

முடிந்து ஒருமுறை ஐ3லேயே முழுதாக ஓடவிட்டுப் பதிப்பு எண்ணைச் சரிபார்த்த பிறகே பிராசஸரை மாற்றினோம். இந்த வகைச் சாக்கெட்டில் கால்கள் பிராசஸரில் இல்லை, சாக்கெட்டில் இருக்கின்றன. 1155 கம்பிகள், தலைமுடி போல. விரல் பட்டாலே வளைந்துவிடும். பிராசஸரை மேலிருந்து நேராக வைக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. பழைய தெர்மல் பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு.

ஸ்கிரீனில் ஐ5-3470 என்று பெயர் வந்தது. அன்று மாலை வீட்டில் அதே சிமுலேஷனை ஓடவிட்டேன். முன்பு 6 நிமிடம் 40 நொடி. இப்போது 3 நிமிடம் 5 நொடி. ஐந்து ரிப்போர்ட்டும் பத்திரமாக இருந்தன. அம்மா வந்து பார்த்துவிட்டு, "பழசு மாதிரிதான இருக்கு?" என்றார். ஸ்கிரீனை மட்டும் பார்த்தால் அவர் சொன்னது சரிதான்.

ஆடிக் காற்றில் போன போர்டு

இனி நண்பனின் கதை. அவன் என் கதையைக் கேட்டவன். ஆகவே பழைய பிராசஸர் இருக்கும்போதே புதுப்பிக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். அவன் போர்டும் ஹெச்61தான், கம்பெனி வேறு. எல்லாம் சரியாகச் செய்தான். ஆனால் வீட்டில், யு.பி.எஸ். இல்லாமல், ஆடி மாதம் செய்தான். எங்கள் பக்கத்தில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று வெளியூர் நண்பர்களுக்குத் தெரியாது; தென்னை மட்டை பறந்து வந்து லைனில் விழும். எழுதுகிறேன் என்ற கோடு பாதியில் இருக்கும்போது கரண்ட் ஒரு வினாடி போய் வந்தது. ஒரே ஒரு வினாடி. அதன் பிறகு எந்தப் பிராசஸரைப் போட்டாலும் இருட்டு.

இரவல் பிராசஸர் இங்கே உதவாது. ஏன் என்பதை, சிப்பைப் படித்துப் பார்த்தபோது கண்ணாலேயே கண்டோம்.

நல்ல வேளையாக அவன் போர்டில் பயாஸ் சிப்பை பற்றவைக்கவில்லை. எட்டுக் கால் சாக்கெட்டில் செருகியிருந்தது. அந்தக் காலப் போர்டுகள் பலவற்றில் இப்படி உண்டு. ஒரு காலுக்குப் பக்கத்தில் புள்ளியோ பள்ளமோ இருக்கும், அதுதான் 1ஆம் கால். திருப்பிப் போட்டால் சிப் சூடாகிச் செத்துவிடும் என்பதால் முதலில் படம் எடுத்துக்கொண்டோம். ஐ.சி. லேபில் நாம் படித்த மாதிரியேதான்: 4ஆம் கால் கிரவுண்ட், 8ஆம் கால் சப்ளை, 6 கிளாக், 2லும் 5லும் டேட்டா போய்வருகிறது, 1 சிப் செலக்ட்.

எழுத சி.ஹெச்.341ஏ என்ற சின்ன யு.எஸ்.பி. புரோகிராமரைச் சில நூறு ரூபாய்க்கு நாங்கள் நான்கு பேர் பங்கு போட்டு வாங்கினோம். இதில் ஒரு குழி இருக்கிறது. பரவலாகக் கிடைக்கும் கறுப்புப் பலகையில் சப்ளை கால் 3.3 வோல்ட் கொடுத்தாலும் டேட்டா கால்களில் 5 வோல்ட் வரும். நம் சிப்புக்கு 3.6க்கு மேல் ஆகாது. புதிய போர்டுகள் சிலவற்றில் 1.8 வோல்ட் சிப்பே இருக்கிறது. அதற்கு இடையில் தனி அடாப்டர் வேண்டும். எதுவானாலும் சிப்பைச் செருகுவதற்கு முன் மல்டிமீட்டர் வைத்துக் கால் கால் ஆகப் பாருங்கள். நாம் மின்னணுவியல் படிக்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. எங்கள் பலகையிலும் 5 வந்தது. சிப்புக்கும் பலகைக்கும் இடையே லெவல் கன்வெர்ட்டர் ஒன்று போட்டுக்கொண்டோம்.

லினக்ஸில் ஃப்ளாஷ்ராம் என்ற இலவச மென்பொருளால் படித்தோம். இரண்டு முறை படித்து இரண்டு கோப்பும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். மாறியிருந்தால் கால் சரியாகப் படவில்லை என்று அர்த்தம். கோப்பைத் திறந்து கீழே ஓட்டிக்கொண்டே போனோம். எண்கள், எண்கள், நடுவில் கம்பெனியின் பெயர், மறுபடியும் எண்கள். திடீரென்று ஓர் இடத்திலிருந்து எஃப்.எஃப்., எஃப்.எஃப்., எஃப்.எஃப். பக்கம் பக்கமாகக் கடைசிவரை அதுதான்.

ஃப்ளாஷ் சிப்பில் நேரடியாக எழுத முடியாது என்று வகுப்பில் சொன்னார்களே, அது இதுதான். முதலில் அழிக்க வேண்டும். அழித்தால் எல்லா பிட்டும் 1 ஆகிவிடும், எட்டு 1 சேர்ந்தால் எஃப்.எஃப். எழுதுவது என்பது வேண்டிய இடத்தில் 1ஐ 0 ஆக்குவது மட்டுமே. ஒரே ஒரு பிட்டை 0விலிருந்து 1 ஆக்க வேண்டுமானாலும் அந்த 4 கிலோபைட் துண்டு முழுவதையும் அழித்துத்தான் ஆக வேண்டும். 4 மெகாபைட்டில் அப்படி 1,024 துண்டுகள். நண்பனின் சிப்பில் அழித்து முடித்து, கீழிருந்து எழுதிக்கொண்டே வரும்போது கரண்ட் போயிருக்கிறது. பிராசஸர் முதல் கட்டளையைத் தேடிப் போகும் அந்தக் கடைசி 16 பைட்டும் எஃப்.எஃப். கதவைத் தட்டினால் வீடே இல்லை. எந்தப் பிராசஸர் போய்த் தட்டினால் என்ன?

கம்பெனி ஃபைலை அப்படியே எழுதிவிடலாம் என்று நினைத்தோம். அளவைப் பார்த்தால் 4,194,304 பைட்டுக்கு மேல் 2,048 பைட் கூடுதல். சில கம்பெனிகள் முன்னால் ஒரு தலைப்புப் பகுதி ஒட்டி வைக்கின்றன. அது அவர்களுடைய மென்பொருளுக்கு, சிப்புக்கு அல்ல. அதை வெட்டி எடுத்த பிறகுதான் அளவு சரியாக வந்தது. இன்னொன்று: சில போர்டுகளில் நெட்வொர்க் முகவரியும் போர்டின் வரிசை எண்ணும் இதே சிப்பில் இருக்கும். ஆகவே செத்த சிப்பிலிருந்து படித்த கோப்பானாலும் அதைத் தூக்கி எறியக் கூடாது. தேவையானதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நண்பனின் முகவரி, கரண்ட் போவதற்கு முன் எழுதிய பகுதியில் தப்பியிருந்தது.

அழித்து, எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட்டு, சிப்பைச் செருகினோம். ஸ்கிரீன் வந்தது. நண்பனின் அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "இந்தத் தக்கினூண்டுக்கா ரெண்டு வாரம்?" என்று சிப்பைப் பற்றிக் கேட்டார்.

சாக்கெட் இல்லாமல் பற்றவைத்த சிப் என்றால் கிளிப் மாட்டிப் படிக்க வேண்டும்; எனக்கு அது இன்னும் கைவரவில்லை. சில கம்பெனிகளின் போர்டில் இரண்டு பயாஸ் சிப் இருக்கும், ஒன்று போனால் மற்றது காப்பாற்றும். இன்னும் சிலவற்றில் பிராசஸரே இல்லாமல், பென் டிரைவைச் செருகி ஒரு பட்டனை அழுத்தினால் பயாஸ் ஏறிவிடும். புதிதாகப் போர்டு வாங்கும் வசதி உள்ளவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள். நம்மைப் போன்றவர்கள் கைக்கு வருவது பழைய போர்டுதான். விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு 14.10.2025 உடன் முடிந்தது, இந்தப் பழைய பிராசஸர்களில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. ஆகவே லினக்ஸ் போடத் தெரிந்தவனுக்கு இவை இன்னும் கொஞ்ச நாள் மலிவாகக் கிடைக்கும் என்பது என் கணிப்பு.

ஐ3-2100ஐ நான் மறுவாரம் திருப்பிக் கொடுத்தேன். சார் ரிஜிஸ்டரைத் திறந்து, தம் கையெழுத்துக்குக் கீழே 'திரும்பப் பெறப்பட்டது' என்று எழுதித் தேதி போட்டார். அது இப்போது லேப் அலமாரியில், மேல் தட்டில், பஞ்சு வைத்த சின்ன டப்பாவில் இருக்கிறது. 1155 சாக்கெட்டில் புதுப் பிராசஸர் போட நினைப்பவர்கள் சாரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். புரோகிராமர் என் பையிலேயே இருக்கும். வரும்போது போர்டின் மாடலையும் ரிவிஷன் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். கழற்றிய பழைய பிராசஸர் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.